95 டிகிரி ‘நார்மல்’ என்று சொல்பவர் கொஞ்சம் இங்கே வரவும்

பழையபெட்டி:
நேற்று ஒரு தம்பி ஏஎம்டியின் ரைசன் 7 7700எக்ஸ் பிராசசர் வாங்கிக் கம்ப்யூட்டர் பெட்டி கட்டிவிட்டு, “சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையை ஓட்டினால் 95 டிகிரிக்குப் போகிறது, பயமாக இருக்கிறது” என்று கேட்டிருந்தார். அதற்கு ஒரு மேதாவி “95 நார்மல், போய் விளையாடு” என்று ஒற்றை வரியில் பதில் எழுதிவிட்டுப் போய்விட்டார். 95! இன்னும் ஐந்து ஏறினால் தண்ணீர் கொதிக்கும். நான் 1998-ல் 300 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் செலரான் 300ஏ பிராசசரின் பஸ் வேகத்தை 66-லிருந்து 100-க்குத் தள்ளி 450 மெகாஹெர்ட்ஸில் ஓட்டியவன். ராத்திரி முழுக்க சிப்பின் மேல் இருக்கும் ஹீட்சிங்கில் விரலை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். விரல் சுட்டால் இறக்கிவிடுவோம். அவ்வளவுதான் கணக்கு. 95 நார்மலாம்!

மைனஸ்20:
அந்த மேதாவி நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். 7000 வரிசை 2022-ல் வந்தபோதே ஏஎம்டி சொல்லிவிட்டது. வாட் வரம்போ வெப்ப வரம்போ தட்டும்வரை சிப் தன் வேகத்தைத் தானே ஏற்றிக்கொண்டே போகும். 95-ஐத் தொட்டால் அதைத் தாண்டாமல் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். இதற்கும் உங்கள் செலரானுக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு விரல் வைத்துப் பார்க்க நீங்கள் தேவைப்பட்டீர்கள். இது ஒரு நொடிக்குள் பலமுறை தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது.

பழையபெட்டி:
விற்கிறவன் சொன்னால் வேதவாக்கா? சரி, அதே ஏஎம்டி தன் இன்னொரு சிப்பான 7800எக்ஸ்3டி-க்கு 89 என்று வரம்பு போட்டிருக்கிறதே, ஏன்? 95 நார்மல் என்றால் அதற்கு மட்டும் ஏன் 89? சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள்.

மைனஸ்20:
அதில் கூடுதலாக ஒரு கேஷ் (வேக நினைவகம்) சில்லு அடுக்கியிருக்கிறது. வேறு சிப், வேறு வரம்பு.

பழையபெட்டி:
ஆக, சூடு கெடுதல்தான். ஒத்துக்கொண்டதற்கு நன்றி.

மைனஸ்20:
நான் எங்கே ஒத்துக்கொண்டேன்???

வேலூர்வெயில்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் 7700எக்ஸ்தான். மே மாதம் என் அறை 38 டிகிரி. இதை ஆன் செய்து அரை மணி நேரத்தில் அறை அடுப்பாகிவிடுகிறது. 95-ல் ஓடினால் சூடாகத்தானே செய்யும்? 360 மி.மீ. வாட்டர் கூலர் போட்டால் அறை சூடு குறையுமா?

மின்கணக்கு:
குறையாது. சிப் எத்தனை டிகிரி காட்டுகிறது என்பது வேறு, எத்தனை வாட்டை வெளியே தள்ளுகிறது என்பது வேறு. 7700எக்ஸ் அதிகபட்சம் 142 வாட் இழுக்கும். எந்தக் கூலர் போட்டாலும் அந்த 142-ம் உங்கள் அறைக்குள்தான் வந்து விழும். நல்ல கூலர் அதைச் சீக்கிரம் வெளியே தள்ளும், அவ்வளவே. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) மின்சாரத்தைக் குறைக்கும் ஈக்கோ மோடு 65 போடுங்கள், பெயரில் 65 இருந்தாலும் 88 வாட்டில் நின்றுவிடும். நான் போட்டுப் பார்த்தேன், சினிபெஞ்சில் ஐந்தாறு சதவீதம்தான் போனது.

வேலூர்வெயில்:
அப்படியானால் 360 வாங்கினால் 95 குறையும், அறையும் கொஞ்சம் குறையும், அப்படித்தானே?

மின்கணக்கு:
(பெருமூச்சு)

பழையபெட்டி:
பார்த்தீர்களா, வேலூர்க்காரர் வயிற்றெரிச்சலோடு சொல்கிறார். யூடியூபில் சோதிக்கிறவன் ஏசி அறையில் 22 டிகிரியில் உட்கார்ந்துகொண்டு சொல்வதை இங்கே வந்து ஒப்பிக்கக் கூடாது. என் இன்டெல் 2500கே சிப் 2011-லிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஒருநாளும் 65-ஐத் தாண்டியதில்லை. 95 டிகிரியில் உங்கள் 7700எக்ஸ் பதினைந்து வருஷம் ஓடட்டும், அப்புறம் வந்து பேசுங்கள்.

மைனஸ்20:
உங்கள் 2500கே நாலு கோர். அதை விடுங்கள். 2023 ஏப்ரலில் 7800எக்ஸ்3டி சிப்கள் சில கருகினவே, சூட்டினாலா? எஸ்ஓசி வோல்டேஜை (சிப்பின் மெமரி கன்ட்ரோலர் பகுதிக்குப் போவதை) மதர்போர்டுகள் ஏற்றிவிட்டதால். ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டில் கட்டிப்போட்ட பிறகுதான் அடங்கியது. கொல்வது வோல்டேஜ். நான் பயாஸில் கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பில் மைனஸ் 20 போட்டு கோர் வோல்டேஜைத்தான் குறைத்து வைத்திருக்கிறேன்.

பழையபெட்டி:
அப்படிக் குறைத்த பிறகு எத்தனை டிகிரி?

மைனஸ்20:
அது இப்போது முக்கியமில்லை.

பழையபெட்டி:
எத்தனை டிகிரி தம்பி?

மைனஸ்20:
82.

பழையபெட்டி:
ஊருக்கு 95 நார்மல், உமக்கு மட்டும் 82! இன்னொன்றும் சொல்கிறேன், கர்வ் ஆப்டிமைசர் பிபிஓ என்ற ஏஎம்டியின் ஓவர்கிளாக் வசதிக்குள் வருகிறது. அதைத் தொட்டு ஏதாவது ஆனால் ஏஎம்டி வாரண்டி கிடையாது. அதையும் சேர்த்து அந்தப் புதுத் தம்பியிடம் சொல்லியிருக்கலாம்.

பதினான்காம்தலை:
வோல்டேஜ் கொல்லும் என்று எங்களிடம் கேளுங்கள். என் இன்டெல் 14900கே சிப் விளையாட்டைத் திறந்தாலே நட்டுக்கொண்டது. மூன்று மாதம் ராம், கிராபிக்ஸ் கார்டு என்று எதையெதையோ மாற்றிப் பார்த்தேன். 2024 ஆகஸ்டில் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் மைக்ரோகோட் திருத்தம் வந்தது, ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அது சரிசெய்யாது. இன்டெல் வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டியதால்தான் பிழைத்தேன்.

பழையபெட்டி:
அது எத்தனை டிகிரியில் ஓடியது?

பதினான்காம்தலை:
100 தொடும். ஆனால் அதனால் இல்லை, வோல்டேஜால் என்றுதானே...

பழையபெட்டி:
100. குறித்துக்கொள்ளுங்கள்.

பேஸ்ட்மாமா:
யாருமே அடிப்படையைக் கேட்கவில்லை. அந்தத் தம்பி சிப்புக்கும் கூலருக்கும் நடுவே பேஸ்ட் எவ்வளவு வைத்தார்? பட்டாணி அளவு வைத்திருந்தால் ஓரம் எல்லாம் காய்ந்துதான் கிடக்கும். தோசை மாதிரி வட்டமாகத் தேய்த்துவிட வேண்டும்.

மின்கணக்கு:
7700எக்ஸ் போன்ற ஏஎம்5 சிப்பின் மூடியைப் பார்த்திருக்கிறீர்களா? சுற்றிலும் வெட்டுகள், அதற்குள் குட்டிக் கெபாசிட்டர்கள். உங்கள் தோசை அதற்குள் வழியும். போன மாதம் ஒரு நண்பருடையதை, காது குடையும் பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் நனைத்து, ஒவ்வொரு சந்தாக ஒரு மணி நேரம் துடைத்தேன். பெரும்பாலான பேஸ்டில் மின்சாரம் பாயாது, அதனால் ஆபத்தில்லை. கழுத்துவலிதான் மிச்சம்.

பேஸ்ட்மாமா:
தேய்க்கத் தெரியாதவர்கள் சட்டியைக் குறை சொல்வார்கள்.

மைனஸ்20:
மாமா, போன தீபாவளிக்குக் கூலர் அடியில் இருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரிக்காமலே மாட்டியது நீங்கள்தானே?

பேஸ்ட்மாமா:
அது என் மைத்துனர் மாட்டியது. பத்து முறை சொல்லிவிட்டேன்.

புதுத்தம்பி:
அண்ணா, கேள்வி கேட்டது நான்தான். எல்லோருக்கும் நன்றி. ஈக்கோ மோடு போட்டேன், இப்போது 71. ஃபேன் சத்தமும் குறைந்துவிட்டது. அப்படியே விடலாமா?

பழையபெட்டி:
71! நான் முதல் வரியிலிருந்து சொன்னது என்ன?

மைனஸ்20:
நீங்கள் விரலை வைக்கச் சொன்னீர்கள். ஈக்கோ மோடு சொன்னது மின்கணக்கு. காசு கொடுத்து எக்ஸ் வாங்கிவிட்டு ஈக்கோ மோடு 65-ல் ஓட்டுவதற்கு, எக்ஸ் இல்லாத வெறும் 7700-ஐயே வாங்கியிருக்கலாம். கூலரும் பெட்டியிலேயே வந்திருக்கும்.

பழையபெட்டி:
89 ஏன் என்று கேட்டேனே, அதற்கு இன்னும் ஒழுங்கான பதில் வரவில்லை. போன வருஷம் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) விவாதத்திலும் இப்படித்தான் பாதியில் நழுவினீர்கள்.

மைனஸ்20:
எஸ்எம்பிஎஸ்ஸை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அதற்குத் தனி இழை இருக்கிறது.

பழையபெட்டி:
பூட்டிவிட்டார்கள்.

மைனஸ்20:
யாரால் பூட்ட வேண்டி வந்தது?