மலையில் பில்டர் காபி: ஜவ்வாது, ஏலகிரிப் பக்கம் என் அனுபவம்

மலைக்குப் போனால் இன்ஸ்டன்ட் பொட்டலம்தான் கதி என்று இங்கே நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேலூரிலிருந்து ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் அடிக்கடி போய்த் தங்குகிறவன் நான். கரண்ட் இல்லாத இடத்திலும் பில்டர் காபிதான். டிகாஷன் ஒரு பிரச்சினையே கிடையாது, மலையில் காபியைக் கெடுப்பது பால்தான். அதைச் சமாளிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தது வழியில் சந்தித்த இரண்டு பேர்.

அவர்களைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் டிகாஷனை முடித்துவிடுகிறேன். மேலே போனால் தண்ணீர் சரியாகக் கொதிக்காது, அதனால் டிகாஷன் இறங்காது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரிதான் கொதிநிலை குறையும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர், அங்கே தண்ணீர் 96 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே கொதிக்கிறது. காபிக்கு அது தாராளம். உண்மையில் இடைஞ்சல் செய்வது காற்றும் குளிரும்தான். எவர்சில்வர் பில்டர் வெளியில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே ஆறிப்போய்விடும். தூள் போடுவதற்கு முன்னால் பில்டரின் இரண்டு பாகத்தையும் கொதிக்கிற தண்ணீரில் அலசி, தண்ணீர் ஊற்றி மூடியதும் ஒரு துண்டை நன்றாகச் சுற்றி வைத்துவிட்டால் போதும், டிகாஷன் சூடாகவே இறங்கும்.

இறங்காமல் நிற்கிறதென்றால் பெரும்பாலும் இரண்டு காரணம். தூளை அழுத்தியிருப்பீர்கள். இல்லையென்றால் மேல் பாகம் கீழ்ப் பாகத்தில் ஈரத்தோடு இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், கீழே இருக்கிற காற்றுக்கு வெளியேற வழி இருக்காது. மேல் பாகத்தை லேசாகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள், உடனே சொட்ட ஆரம்பிக்கும். ராத்திரி படுக்கும்போது போட்டு வைத்தால் விடியற்காலையில் கெட்டி டிகாஷன் தயார். அதை அடுப்பில் நேராக வைத்துக் கொதிக்க விடாதீர்கள், மணம் போய் வெறும் கசப்புத்தான் மிஞ்சும். கொதிதண்ணீருக்குள் கிண்ணத்தோடு இறக்கி வைத்தாலே சூடாகிவிடும்.

தூள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கிளம்புவதற்கு முந்தின நாள் கடையில் கண்ணெதிரே அரைத்து வாங்குங்கள், அந்தப் பயணத்துக்கு வேண்டிய அளவு மட்டும். வேலூர் வெயிலில் நிற்கிற காருக்குள் வைத்த தூள் ஒரே நாளில் வாசனை இழந்துவிடும். சிக்கரி 20 சதவீதத்துக்கு மேல் போனால் எனக்குப் பிடிக்காது. ஆனால் சுத்தமாக இல்லாமலும் வேண்டாம், தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக இறக்குவது அதுதான். பொட்டலத்தை பில்டருக்குள்ளேயே திணித்துவிட்டால் பையில் இடமும் மிச்சம்.

இனி பால். பள்ளிகொண்டாவைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரம் ஒரு நாமக்கல் லாரி நின்றிருந்தது. டிரைவர் அண்ணன் வண்டி நிழலில் சின்ன கேஸ் அடுப்பு வைத்துக் காபி போட்டுக்கொண்டிருந்தார். பில்டர் கிடையாது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, தூளைப் போட்டு ஒரு கலக்குக் கலக்கித் தட்டால் மூடினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை பச்சைத் தண்ணீர் தெளித்தார், மேலே மிதந்த தூள் அப்படியே அடியில் போய் உட்கார்ந்தது. ஈரத் துணியில் வடிகட்டினார். பாலுக்கு அவர் வைத்திருந்தது பால் பவுடர். நான் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கவனித்துவிட்டு, "கொதிக்கிற தண்ணியில பவுடரப் போட்டா கட்டி தட்டும் தம்பி, வெதுவெதுப்பான தண்ணியில முதல்ல கூழாட்டம் கரைச்சுக்கணும், அப்புறம்தான் அடுப்பு" என்றார். கேட்காமலே எனக்கும் ஒரு டம்ளர் நீட்டினார். நானும் அன்றிலிருந்து அப்படித்தான் கரைக்கிறேன். 150 மில்லி தண்ணீருக்கு 25 கிராம் பவுடர் போட்டால் காபிக்கு ஏற்ற கெட்டிப் பால் கிடைக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவு குடிக்கிற பாலுக்கு, காபிக்கு அது நீர்த்துப்போகும்.

பாக்கெட் பாலே வேண்டும் என்பவர்கள் அதை முந்தின நாளே பிரீசரில் உறைய வைத்து, செய்தித்தாள் சுற்றி, ஈரச் சாக்கில் கொண்டு போகலாம். ஆனால் முதல் நாளோடு அதை முடித்துவிடுங்கள். சூட்டில் லேசாகப் புளித்த பால் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், சூடான டிகாஷன் பட்டதும் திரிந்துவிடும்.

அடுத்தது ஜவ்வாது மலையில். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகிற பாதை தெரிந்திருக்கும், 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிற வைணு பாப்பு வானாய்வகம் அந்தப் பாதையில்தான். 1989 வரைக்கும் இதெல்லாம் ஒரே வடஆற்காடு மாவட்டம், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஊரில், தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு வீட்டுத் திண்ணையில் தங்கினோம். மார்கழிக் குளிர். காலையில் அந்த வீட்டுப் பாட்டி பசுவைக் கறந்து சொம்போடு கொண்டுவந்து கொடுத்தார்கள். நண்பன் விறகு அடுப்பில் பாத்திரத்தை ஏற்றப் போனான். "இருப்பா, எரியற தீயில வெச்சா பாலுல புகை ஏறிடும்" என்று சொல்லிவிட்டு, விறகையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டார்கள். தணலை மட்டும் பரப்பி, அதன்மேல் பாத்திரத்தை வைத்து மூடிவிட்டார்கள். நேரம் பிடித்தது. பால் பொங்கி வழியவே இல்லை, ஓரத்தில் மெல்ல ஆடை கட்டி மேலே வந்தது. புகை வாடை கொஞ்சமும் இல்லை. அந்தப் பாலில் போட்ட காபி மாதிரி நான் வேலூரில் எங்கேயும் குடித்ததில்லை. சர்க்கரைக்குப் பதில் பனைவெல்லம் போடுகிறவர்கள் அதை டிகாஷனில் கரைத்துவிட்டுக் கடைசியில் பால் சேருங்கள். கொதிக்கிற பாலில் நேராகப் போட்டால் திரிந்துவிட வாய்ப்பு உண்டு.

விறகடுப்பு என்று சொன்னது வீட்டு அடுப்பை. காட்டுக்குள் யாரும் தீ மூட்டாதீர்கள், தயவுசெய்து. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் எத்தனை பேர் உயிரிழந்தார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும். மாசி, பங்குனியில் ஜவ்வாதுச் சரிவு முழுக்கச் சருகுதான், ஒரு பொறி போதும். காப்புக்காட்டில் நடக்கிற நாளென்றால் ஊரிலேயே காபி போட்டு பிளாஸ்கில் எடுத்துப் போய்விடுங்கள், டிகாஷன் தனியாக, பால் தனியாக. ஒன்றாகக் கலந்து வைத்தால் மதியத்துக்குள் ருசி மாறிவிடும். அனுமதி உள்ள தங்குமிடத்தில் கேஸ் அடுப்பு வைப்பவர்கள் காற்றுக்காக மறைப்பு வைக்கும்போது, சிலிண்டர் நேராக அடுப்புக்குக் கீழே இருக்கிற வகையென்றால் நாலு பக்கமும் அடைத்துவிடாதீர்கள். சிலிண்டர் சூடேறும்.

பர்வதமலையில் ராத்திரி தங்கியவர்கள் யாராவது இருந்தால், மேலே பாலுக்கு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்து அங்கேதான் போகப்போகிறோம், பவுடரைத் தவிர வேறு வழி உண்டா என்று தெரிய வேண்டும்.