எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, எம்ஆர்ஐ எதற்கு?

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. சில வாரமாக நடு முதுகில் வலி, படுத்தாலும் விடவில்லை. சாயங்காலம் லேசாகக் காய்ச்சல். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது. டாக்டர் கான்ட்ராஸ்ட் ஊசியோடு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார். அவசியமா?

பதில்: நான் மதுரையில் எம்ஆர்ஐ டெக்னீஷியன். அவசியம், தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை, விடாத முதுகு வலி, காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் முதுகெலும்பில் கிருமித் தொற்றா என்று பார்க்க வேண்டும். எலும்பு ஓரளவு கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும். எம்ஆர்ஐ அதற்கு முன்பே, எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்த கட்டத்திலேயே காட்டிவிடும்: டி1, டி2 என்று இரண்டு வகைப் படம் எடுப்போம்; அந்த இடம் டி1 படத்தில் கருப்பு, டி2வில் வெளுப்பு. காடோலினியம் ஊசி (டாக்டர் சொன்ன கான்ட்ராஸ்ட்) போட்டால் சீழ்க்கட்டியின் ஓரம் மட்டும் பளிச்சிடும். தண்டுவடத்தை அது அழுத்துகிறதா என்பதும் புரியும். சர்க்கரை இருப்பதால் முதலில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) பார்த்துவிடுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

கேட்டவர்: நன்றி அண்ணா. தொற்று டிபியால் (காசநோய்) வந்தது என்று படத்திலேயே தெரியுமா?

பதில்: ஊகிக்கலாம். டிபியில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற தட்டு) பெரும்பாலும் கொஞ்ச காலம் தப்பிக்கும். மற்ற பாக்டீரியா அதைச் சீக்கிரமே அரித்துவிடும். உறுதி செய்யத் திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். அப்புறம், கால் மரத்தாலோ சிறுநீர் அடைத்தாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இன்னொருவர்: என் அக்காவுக்கு மருந்தில் வலி நன்றாகக் குறைந்தது, அடுத்த எம்ஆர்ஐ மட்டும் பழையபடியே இருந்தது. படம் தேறத் தாமதமாகும் என்றார் டாக்டர். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.