வேலையை விட்டுவிட்டுக் குழந்தைகளுக்கு மாயாஜாலக் கதை எழுதலாமா?

மடிவாளாக்காரன்:
பெங்களூரில் பதினோரு வருடமாக டெஸ்டிங் வேலை. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு ராத்திரி தூங்க வைக்கச் சொல்ல ஆரம்பித்த கதை, லால்பாக் பாறைக்கு அடியில் ஒரு ஊர், அங்கே சனங்கள் தங்கள் நிழலை அடகு வைத்துக் கடன் வாங்குகிறார்கள், அது வளர்ந்து வளர்ந்து இப்போது இரண்டு நோட்டு நிரம்பிவிட்டது. பேசாமல் வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் உட்கார்ந்து முடித்துவிடலாமா என்று யோசனை. ஹாரி பாட்டர் எழுதிய ஜே.கே. ரோலிங்கும் அப்படித்தானே? அரசு உதவித்தொகையில் இருந்துகொண்டு, ஹீட்டர் இல்லாத வீட்டின் குளிர் தாங்காமல் காபிக் கடைக்குப் போய் எழுதினாராமே. மனைவியிடம் இதைச் சொன்னேன். பதில் பேசாமல் இஎம்ஐ பேப்பரை எடுத்து வைத்தாள்.

பழைய புத்தகப் பைத்தியம்:
ஹீட்டர் கதை புருடா சார். எடின்பரோ குளிரில் அப்படி ஒரு வீட்டை வாடகைக்கு எடுக்கும் அளவுக்குத் தான் முட்டாள் இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். வெளியே தள்ளிக்கொண்டு போனால் கைக்குழந்தை தூங்கிவிடும், அந்த நேரத்தில் கடையில் உட்கார்ந்து எழுதுவார், அவ்வளவுதான். உதவித்தொகை உண்மை. ஆனால் அவர் எழுதுவதற்காக வேலையை விட்டவர் இல்லை. போர்ச்சுகலில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார், கல்யாணம் முறிந்து 1993 கடைசியில் குழந்தையோடு தங்கை இருந்த எடின்பரோவுக்கு வந்தார், அப்புறம் ஆசிரியர் பயிற்சியும் முடித்தார். கதை தோன்றியதோ 1990இல், மான்செஸ்டரிலிருந்து லண்டன் போகிற ரயில் தாமதமானபோது. கையில் எழுதுகிற பேனா இல்லை, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவும் கூச்சம், மணிக்கணக்கில் மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தாராம். புத்தகம் வந்தது 1997 ஜூனில். ஏழு வருடம்! நீங்கள் ஆறு மாதம் என்கிறீர்கள்.

ஜாலஹள்ளி ஜன்னல்:
காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின, அது எல்லாருக்கும் தெரியும். ப்ளூம்ஸ்பரி பதிப்பகம் எடுத்ததற்கு அதன் தலைவருடைய எட்டு வயது மகள் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு மீதி எங்கே என்று கேட்டதும் ஒரு காரணம். எடுத்த பிறகும் கெட்டி அட்டையில் முதலில் அடித்தது 500 பிரதிதான். குழந்தைகள் புத்தகத்தில் காசு பார்க்க முடியாது, ஒரு வேலை தேடிக்கொள்ளுங்கள் என்று எடிட்டர் பேரி கன்னிங்ஹாமே சொன்னார். அமெரிக்க உரிமை 1,05,000 டாலருக்குப் போன பிறகுதான் நிலைமை மாறியது.

அவ்வளவு தூரம் எதற்கு, நம்ம எழுத்தாளர் சுஜாதா இதே ஊரில் பிஇஎல்லில் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) இன்ஜினியராக இருந்துகொண்டு எவ்வளவு எழுதினார்! சொந்தப் பெயர் ரங்கராஜன், மனைவி பெயரில் எழுதினார். ரோலிங் விஷயத்திலோ பெண் பெயரைப் பார்த்தால் பையன்கள் வாங்கமாட்டார்கள் என்று பதிப்பகம் பயந்து, வெறும் இனிஷியல் போடச் சொன்னது. ஜே.கே.யில் அந்த 'கே' பாட்டி கேத்லீனுடையது.

பழைய புத்தகப் பைத்தியம்:
இன்னொன்று. 2013இல் ரோலிங் ராபர்ட் கால்பிரைத் என்ற புனைபெயரில் ஒரு துப்பறியும் நாவல் போட்டார். விமர்சனம் நன்றாகத்தான் வந்தது, குட்டு வெளிப்படும் வரை பிரிட்டனில் கெட்டி அட்டைப் பிரதி சுமார் 1,500 தான் விற்றது, பெயர் தெரிந்ததும் விற்பனைப் பட்டியலில் முதலிடம். அவர் கைக்கே அந்தக் கதி என்றால் நம் பெயரை நம்பி இஎம்ஐ கட்ட முடியுமா, நீங்களே சொல்லுங்கள். அது சரி, அடகு வைத்த நிழலை யாராவது மீட்டார்களா?

மடிவாளாக்காரன்:
என் பெண்ணும் தினம் அதையேதான் கேட்கிறாள், எனக்கே இன்னும் தெரியாது. ராஜினாமா மெயில் டிராஃப்டில் இருந்தது, அழித்துவிட்டேன். காலையில் கம்பெனி பஸ் சில்க் போர்டு டிராஃபிக்கில் எப்படியும் முக்கால் மணி நேரம் நிற்கும். கடைசி சீட், பையில் பேனா இரண்டு.