கடலூர் மாநகராட்சியில் வேலைவாய்ப்புப் பிரிவு: தீர்மானத்தில் என்ன எழுதுவது?

மஞ்சக்குப்பம்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். எங்கள் வார்டின் பகுதி சபாவில் சென்ற முறை குடிநீர், தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்த பிறகு ஓர் அம்மா எழுந்து, "படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு மாநகராட்சி என்ன செய்யப் போகிறது?" என்று கேட்டார். அதன்பின் அரைமணி நேரம் அந்தப் பேச்சுதான். தொழிற்பயிற்சி கொடுக்கவும் வேலை தேடித் தரவும் மாநகராட்சியே ஒரு பிரிவைத் தொடங்க வேண்டும் என்று முடிவானது. மாமன்றத்தில் பேசுவதாக உறுப்பினரும் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்று சொல்லி அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எழுத உட்கார்ந்தபோதுதான் குழப்பம் தொடங்கியது. மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் ஏற்கெனவே இருக்கிறது. அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம், 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம், நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்று வரிசையாக இருக்கின்றன. இத்தனை இருந்தும் எங்கள் தெருவில் டிப்ளமோ முடித்த பையன் துணிக்கடை வாசலில் நின்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இன்னொரு பலகையை மாட்டுவதால் என்ன மாறிவிடும் என்ற ஐயம் எனக்கே இருக்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த வேலையைச் செய்ய மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டா? தனிப் பிரிவாக வேண்டுமா, இருக்கிற பிரிவுக்குள் வைக்கலாமா? பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடத்தில் 20 தையல் இயந்திரங்களைப் போட்டுப் பயிற்சியைத் தொடங்கலாம் என்று சபாவில் ஒரு யோசனை வந்தது. அதை முதல் கோரிக்கையாக எழுதலாமா?

முன்னாள் அமைப்பாளர்:

ஐயா, தையல் இயந்திரம் என்ற சொல்லைக் கண்டபின் பதில் எழுதாமல் போக முடியவில்லை. வேறொரு நகராட்சியில் சமுதாய அமைப்பாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். 1997இல் வந்த பொன்விழா நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தின் காலத்திலும், 2013இல் அதன் இடத்துக்கு வந்த நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் காலத்திலும் இதே வேலைதான்.

முதலில் அதிகாரத்தைப் பற்றி. அரசியலமைப்பின் 12ஆவது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளுக்கென 18 பொருள்கள் உள்ளன. நகர்ப்புற வறுமை ஒழிப்பும் குடிசைப் பகுதி மேம்பாடும் அவற்றில் இருக்கின்றன. வேலைவாய்ப்பு என்றோ தொழிற்பயிற்சி என்றோ தனியாக ஒரு வரி கிடையாது. வேடிக்கை என்னவென்றால், ஊராட்சிகளுக்கான 11ஆவது அட்டவணையின் 29 பொருள்களில் தொழில்நுட்பப் பயிற்சியும் தொழிற்கல்வியும் பெயர் சொல்லியே இருக்கின்றன. ஆகவே உங்கள் தீர்மானத்தை வறுமை ஒழிப்பு என்ற தலைப்பின்கீழ் எழுதினால் சட்டப்படி ஆட்சேபணை எழாது. அந்தத் தலைப்பில் வேலை செய்யும் அமைப்பாளர்கள் ஏற்கெனவே இருப்பதால் தனிப் பிரிவும் தேவைப்படாது.

இனித் தையலுக்கு வருகிறேன். ஒருமுறை 30 பெண்களுக்கு மூன்று மாதம் பயிற்சி நடந்தது. சான்றிதழ், சால்வை, புகைப்படம் எல்லாம் சிறப்பாக நடந்தன. ஆறு மாதம் கழித்து வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். தைத்துச் சம்பாதித்தவர்கள் நான்கு பேர்; அவர்களிலும் இருவர் புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் சான்றிதழை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். நாங்கள் கற்றுக்கொடுத்தது மிதி இயந்திரத்தில். ஆள் கேட்ட ஆயத்த ஆடை நிறுவனமோ பவர் மெஷினில் பழகியவர்களைத்தான் எடுத்தது. நிறுவனத்தை முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

இதற்கு ஆள்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, பணம் நகர்கிற முறையும் ஒரு காரணம். திறன் பயிற்சிகளுக்கென ஒன்றிய அரசு 2015இல் கொண்டுவந்த பொது நெறிமுறையில் பயிற்சி நிறுவனத்துக்கு 30 விழுக்காடு தொடக்கத்திலும், 50 விழுக்காடு சான்றிதழ் கட்டத்திலும், மீதி 20 விழுக்காடு மட்டும் வேலை கிடைத்தபின்னும் என்று பிரித்திருந்தார்கள். சான்றிதழோடு ஐந்தில் நான்கு பங்கு பணம் கைக்கு வந்துவிடும்போது, கடைசிப் பங்குக்காகத் தெருத் தெருவாக அலைய எந்த நிறுவனத்துக்கு மனம் வரும்? ஆகையால் மாநகராட்சி இன்னொரு பயிற்சிக் கூடம் நடத்த வேண்டாம். பயிற்சிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் செய்யாமல் விட்டிருக்கிற வேலையை அது எடுத்துக்கொண்டால் போதும்.

குடிகாடு ஷிப்ட்:

மேலே எழுதிய அம்மா சொல்வதை மறுமுனையிலிருந்து நானும் பார்த்திருக்கிறேன். சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியில் ஒரு தொழிற்சாலையின் பணியாளர் பிரிவில் இருக்கிறேன்.

எங்கள் பக்கம் ஆள் தேவை என்பது ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் மாதத்தில் வெல்டரும் பிட்டரும் கூட்டமாகத் தேவைப்படுவார்கள்; மற்ற மாதங்களில் ஆய்வகத்துக்கு ஒருவர், கிடங்குக்கு இருவர் என்று உதிரியாக இருக்கும். அண்மைக்காலம் வரை நடப்பிலிருந்த 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமும் காலியிடத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே அறிவிப்பு ஒரு பக்கம் காகிதமாகப் போகும், ஆள் இன்னொரு பக்கம் கான்ட்ராக்டர் மூலம் வருவார்.

தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) வழியைத்தான் நான் பெரிதாக நம்புகிறேன். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து, மொத்தப் பணியாளர்களில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். அந்த எண்ணிக்கையை நிரப்ப நாங்களே ஆள் தேடுகிறோம் என்பது உங்கள் தெருப் பையனுக்குத் தெரியாது. மாநகராட்சியே கூடக் குடிநீர்க் குழாய்ப் பணிக்கும் தெருவிளக்குப் பணிக்கும் பழகுநர்களை எடுக்கலாமே.

இன்னொன்று. சென்ற ஆண்டு பிட்டர் முடித்த மூன்று பையன்கள் ஒரே நாளில் சேர்ந்தார்கள். ஒரு மாதத்துக்குள் இருவர் நின்றுவிட்டார்கள். வேலை பிடிக்கவில்லை போலும் என்று கோப்பை மூடப் போனேன். ஏதோ தோன்றி ஒருவனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். எங்களிடம் சம்பளம் அடுத்த மாதம் 10ஆம் தேதி வரும். முதல் சம்பளத்துக்கு அவன் 40 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 40 நாளும் பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் கைக்காசு. காலை 6 மணி ஷிப்ட்டுக்கு நேரத்துக்குப் பேருந்து அமையாத நாளில் ஷேர் ஆட்டோ வேறு. வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டு நின்றுவிட்டான். அவனை வேலையில் தக்கவைத்திருக்க அந்த ஒரு மாதச் செலவு போதுமாயிருந்தது. தீர்மானத்தில் எதை எழுதாவிட்டாலும் முதல் மாதப் போக்குவரத்துச் செலவுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கடல் கடந்தவன்:

பிறந்தது திருப்பாதிரிப்புலியூர்; இப்போது அமெரிக்காவில் ஒரு நகரத்தின் வேலைவாய்ப்புச் சேவையில் தரவுப் பிரிவில் இருக்கிறேன். நீங்கள் கேட்கும் கேள்வியை இந்த நாடு ஐம்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் கூட்டாட்சி அரசின் பயிற்சிப் பணம் பெரிய நகர அரசுகளின் கைக்கே வந்தது. நகரங்கள் பயிற்சி தந்ததோடு பொதுப்பணிகளிலும் ஆள் எடுத்தன. வேறு பணத்தில் எடுத்திருக்க வேண்டிய ஊழியர்களை இந்தப் பணத்தில் எடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து, 1982இல் அந்தச் சட்டம் போய், தொழில்முனைவோர் கை ஓங்கிய குழுக்களிடம் பொறுப்பு மாறியது. 1998இல் எல்லாச் சேவைகளையும் ஒரே கூரையின்கீழ் தரும் மையங்கள் வந்தன. 2014இல் அந்த ஏற்பாட்டுக்குப் பதிலாகவும் புதுச் சட்டம் வந்தது. இன்று ஒவ்வொரு பகுதியிலும் உள்ள குழுவில் பெரும்பான்மையோர் தொழில் நடத்துவோராகவும், குறைந்தது 20 விழுக்காட்டினர் தொழிலாளர் தரப்பினராகவும் இருக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தைத் தூக்கிவந்து கடலூரில் ஒட்ட முடியாது. இங்கே ஆண்டுதோறும் வாய்பாட்டின்படி பணம் வருகிறது, அங்கே வராது. ஆனால் அளவுகோலை இரவல் வாங்கலாம். எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள் என்பதை இங்கே முதன்மையான கணக்காக வைப்பதில்லை. சேவையை விட்டுப் போனபின் வரும் இரண்டாம் காலாண்டில் ஒருவர் வேலையில் இருக்கிறாரா, நான்காம் காலாண்டிலும் இருக்கிறாரா, இரண்டாம் காலாண்டில் நடுத்தரமாக என்ன ஊதியம் என்று பார்க்கிறார்கள். குடிகாடு நண்பர் சொன்ன பையன் எங்கள் கணக்கில் தோல்வியாக விழுவான். உங்கள் ஊர்க் கணக்கில் "வேலை பெற்றவர்" என்று வெற்றியாகவே நின்றிருப்பான். அந்த ஒரு கட்டத்தை மாற்றினால் பயிற்சி நிறுவனங்களின் நடத்தையும் கொஞ்சம் மாறும்.

புதுவை நெசவாளர் நகர்:

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் புதுச்சேரி, உழவர்கரை என்று இரண்டு நகராட்சிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். 2011க்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. வேலை கேட்டு மனுக் கொடுப்பதென்றால் சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசல்தான். உங்களுக்கு 45 வார்டுகளும் மாமன்றமும் இருப்பதே பெரிய விஷயம்.

ஆனால் மன்றம் இருந்தால் மட்டும் போதாது. அரசு ஒப்பளித்த பணியிடமும் பொது நிதியில் ஒரு செலவுத் தலைப்பும் இல்லாமல் வேலைவாய்ப்புக்கென ஒரு மேசையைப் போட்டால், அது முதல் தேர்தல் பணியிலேயே காலியாகிவிடும். அமைப்பாளரை வாக்காளர் பட்டியலுக்கு அனுப்புவார்கள், பிறகு கணக்கெடுப்புக்கு. வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறையில் நகர்ப்புற வாழ்வாதார மையம் என்றே ஒன்று இருந்தது. பிளம்பர், எலக்ட்ரீஷியன் போன்றோரை வீடுகளுக்கு அனுப்பி, அந்தக் கட்டணத்தில் பின்னாளில் அது தன் காலில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். இப்படிக் கட்டணம் வசூலித்துச் சேவை மையம் பிழைப்பது நடக்கிற காரியமா? பணியிடத்தைக் கேட்காமல் மேசையை மட்டும் கேட்காதீர்கள்.

மஞ்சக்குப்பம்வாசி:

எல்லோருக்கும் நன்றி. தையல் இயந்திரங்களை அடித்துவிட்டேன். (அந்த யோசனையைச் சொன்னவர் என் சம்பந்தி, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.) இப்போதைக்கு வரைவு இப்படி நிற்கிறது:

"வறுமை ஒழிப்புப் பணியின் பகுதியாக, மாநகராட்சி அலுவலகத்தில் வேலைவாய்ப்பு உதவி மேசை ஒன்றை அமைத்து, அதற்கென ஒரு சமுதாய அமைப்பாளரை வேறு பணிகளுக்கு அனுப்பாத வகையில் ஆணையரின் எழுத்து மூலமான ஆணையால் நியமிக்கவும், அவர் சிப்காட் நிறுவனங்கள், கடைகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் ஆள் தேவையை மாதந்தோறும் கேட்டறிந்து, பதிவு செய்தவர்களை ஏற்கெனவே உள்ள பயிற்சி நிலையங்களுக்கும் தொழிற்பழகுநர் இடங்களுக்கும் அனுப்பவும், வேலையில் சேர்ந்தவருக்கு முதல் மாதப் போக்குவரத்துச் செலவைப் பொது நிதியிலிருந்து வழங்கவும், சேர்ந்த ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் அவர் வேலையில் உள்ளாரா என்பதை மாமன்றத்தின் முன் வைக்கவும் இம்மன்றம் தீர்மானிக்கிறது."

புதுவை நண்பர் கேட்ட நிரந்தரப் பணியிடத்தை எழுதினால் அரசின் ஒப்புதலுக்குப் போய்க் கோப்பு உறங்கிவிடும் என்று உறுப்பினர் அஞ்சுகிறார். முதல் ஓராண்டுக்கு ஆணையரின் ஆணையோடு தொடங்கி, கணக்கு கைக்கு வந்தபின் பணியிடம் கேட்கலாம் என்பது என் முடிவு. அமைப்பாளர் அம்மாவிடம் ஒன்று மட்டும்: மேசையை எங்கே போடச் சொல்வது, பதிவேட்டில் என்னென்ன எழுதச் சொல்வது?

முன்னாள் அமைப்பாளர்:

வரைவு நன்றாக இருக்கிறது ஐயா. "வேறு பணிகளுக்கு அனுப்பாத வகையில்" என்ற சொற்களை யார் வந்து அடிக்கச் சொன்னாலும் அடிக்காதீர்கள்.

மேசையை மாடியில் போட விடாதீர்கள். சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் கட்ட வரும் இடத்துக்குப் பக்கத்தில், கீழ்த்தளத்தில் போடச் சொல்லுங்கள். வேலை தேடும் பையன் மாநகராட்சி வாசலை மிதிக்கவே மாட்டான். வரி கட்ட வரும் அவன் அம்மாதான் முதலில் வந்து விசாரிப்பார்.

பதிவேட்டில் படிப்பு, வயது எல்லாம் எழுதுவார்கள். அவற்றோடு எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப முடியும், வண்டி உண்டா, இரவு ஷிப்ட்டுக்கு வீட்டில் சம்மதமா, இதற்கு முன் ஏதாவது வேலையை விட்டிருந்தால் ஏன் விட்டார் என்ற நான்கையும் சேர்க்கச் சொல்லுங்கள். பயிற்சிக்கு அனுப்பும் முன்பே இந்த நான்கையும் கேட்டிருந்தால் என் 30 பேரில் பாதிப் பேரை வேறு இடத்துக்கு அனுப்பியிருப்பேன்.

தொலைபேசி எண்ணுக்கு இரண்டு கட்டங்கள் விடச் சொல்லுங்கள். பிள்ளைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிம் மாற்றுகிறார்கள். ஆறாம் மாதம் அழைத்தால் எடுப்பது வேறு யாரோ. இரண்டாவது கட்டத்தில் அம்மாவின் எண்ணை எழுத வேண்டும்.