பழைய சஸ்பென்ஷன் பார்ட்ஸ் ஆன்லைனில் வாங்கினவங்க, வித்தவங்க: உங்க அனுபவத்தை எழுதுங்க

திருச்சி டீசல்

ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது. அதான் எழுதுறேன்.

2012 டீசல் ஸ்விஃப்ட். முன்சக்கரத்துக்கு மேல ஸ்ப்ரிங்கோட நின்னு குலுக்கலைத் தாங்குற ஸ்ட்ரட் ரெண்டும் போச்சு, ஸ்பீட் பிரேக்கர்ல இறங்கினா டம்முனு அடிக்கும். புதுசு போடுற அளவுக்கு அப்ப கையில இல்ல. கோயம்புத்தூர்ல ஒருத்தர் ஸ்ப்ரிங்கோட ஜோடி 3,200னு விளம்பரம் போட்டிருந்தார். "பம்பிங் வீடியோ அனுப்புங்கண்ணா"னு கேட்டேன், உடனே அனுப்பினார். ஸ்ட்ரட்டுக்குள்ள போய் வர்ற ராட் அழுத்தமா இறங்கி மெதுவா மேல வந்துச்சு. பணத்தைப் போட்டுட்டேன்.

மூணாம் நாள் ஆம்னி பஸ்ல பார்சல் வந்துச்சு. மன்னார்புரத்துல விடியக்காலம் அஞ்சு மணிக்கு நின்னு வாங்கினேன். பெட்டியைப் பிரிச்சதும் பெயின்ட் வாசனை. கட்டைவிரலை வெச்சுத் தேச்சேன், கறுப்பா ஒட்டிக்கிச்சு. வீடியோவைத் திரும்ப எடுத்துப் பாத்தா, அதுல இருந்த ஸ்ப்ரிங்ல மஞ்சள் புள்ளி ஒண்ணு இருக்கு. எனக்கு வந்ததுல அது இல்ல. மெக்கானிக் ஸ்ப்ரிங்கைக் கழட்டிட்டு ராடை அழுத்தினார். முதல் ஒரு இன்ச் வெறும் காத்துல இறங்குற மாதிரி இறங்கி, அப்புறம்தான் பிடிச்சுது. ரெண்டுமே அப்படித்தான். "தம்பி, இது முடிஞ்சு போனது"ன்னார்.

அங்கேயே நின்னு அந்த ஆளுக்குப் போன் போட்டு ரொம்பத் திட்டிட்டேன். அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார், "நான் பாத்துத்தான் அனுப்புனேனுங்க." பணமும் வரல, பதிலும் வரல. ஸ்ட்ரட் ரெண்டும் மாடிப்படிக்கு அடியிலதான் கிடக்கு.

அம்பாசிடர் வீட்டுப் பையன்

நான் வித்த கதை. அப்பா போன பிறகு வண்டியைக் கொடுத்துட்டோம், ஷெட்ல ஸ்பேர் மட்டும் மிச்சம் இருந்துச்சு. முன்சக்கரத்துக்கு ஸ்ப்ரிங் மாதிரி முறுக்கிக் கொடுக்கிற கம்பி, டார்ஷன் பார், ஒரு ஜோடி. பின்னாடி அடுக்கா வர்ற ஸ்ப்ரிங் பட்டை முழு செட். அந்தப் பட்டை செட் வண்டியில இருந்து கழட்டினது, கடைசி வருஷம் அப்பா வேற செட் மாத்தினார். ஃபோட்டோ எடுத்துப் போட்டேன். பழைய டாக்ஸி டிரைவர் ஒருத்தர் விழுப்புரத்துலேர்ந்து பஸ் ஏறி வந்தார். அறுபத்தஞ்சு வயசு இருக்கும். இன்னும் ஒரு அம்பாசிடர் வெச்சிருக்கார், கல்யாணத்துக்கு மட்டும் ஓட்டுறாராம்.

என்கிட்ட ஒண்ணும் கேக்கல. பட்டையை ஒவ்வொண்ணாப் பிரிச்சார். துண்டை மடிச்சுத் தரையில போட்டு, ஒரு பட்டையை அதுமேல நிக்க வெச்சு, ஸ்பேனரால மெதுவாத் தட்டினார். கோயில் மணி மாதிரி கணீர்னு கேட்டுச்சு. அடுத்தது. அதுவும் கணீர். நாலாவதுல 'டொக்'. திரும்பத் தட்டினார். 'டொக்'. நடு ஓட்டைக்குப் பக்கத்துல எச்சில் தொட்டுத் துடைச்சுக் காட்டினார், தலைமுடி மாதிரி ஒரு கோடு.

"இதோடயா ஓட்டுனீங்க?"

அதுலதான் நாங்க வருஷத்துக்கு ரெண்டு தடவை ஏழு பேர் ஏறி குலதெய்வம் கோயிலுக்குப் போவோம். கடைசியாப் போனப்ப என் பொண்ணுக்கு எட்டு மாசம். அந்த 'டொக்' சத்தம் இன்னும் காதுல இருக்கு. அந்தப் பட்டைக்கு காசு வேணாம்னேன். அவர் மத்ததுக்கெல்லாம் பேசின விலையைக் கொடுத்துட்டு, உடைஞ்சதை ஷெட் மூலையில சாத்தி வெச்சுட்டு, "இதை யாருக்கும் வித்துராதீங்க தம்பி"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனார். டார்ஷன் பார்ல எது இடது, எது வலதுன்னு தெளிவாத் தெரியாததால அதை எடுக்கல. ஒரு பக்கம் ஓடினதை மறு பக்கம் மாட்டினா முறுக்கு எதிர்ப்பக்கம் விழும், உடைஞ்சிரும்னார். அதுவும் எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

ஸ்பேனர் 14

மேல எழுதின ரெண்டு பேருக்கும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. சஸ்பென்ஷன்ல பழசே வாங்கக் கூடாது. கண்ணாடி வாங்குங்க, டோர் வாங்குங்க, சீட் வாங்குங்க. சக்கரத்தைப் பிடிச்சிட்டு இருக்கிற பொருளை எவன் கழட்டி விக்கிறான்னு தெரியாம வாங்குறது குழந்தை உயிரை வெச்சு விளையாடுற மாதிரி.

என் கதை சின்னது. தெரிஞ்ச ஆள் மூலமா ஒரு லோயர் ஆர்ம் வாங்கினேன், சக்கரத்தை அடியில வண்டியோட சேர்த்துப் பிடிக்கிற கை அது. அது சக்கரத்தோட சேர்ற உருண்டை மூட்டுல, அதாவது பால் ஜாயின்ட்ல, லேசா ஆட்டம் இருந்துச்சு, "ஓடும்"னாங்க. நாலு மாசம் ஓடுச்சு. திண்டிவனம் டோல்ல வண்டி மெதுவா உருளும்போது கழண்டு சக்கரம் உள்பக்கம் மடிஞ்சுது. டோல் தாண்டி நூறுல போயிருந்தா இன்னிக்கு இதை எழுத நான் இல்ல.

வாங்கித்தான் ஆகணும்னா இதையெல்லாம் பாருங்க. ஸ்ட்ரட் ராட்ல நகத்தை மேலருந்து கீழ இழுங்க. எங்கயாச்சும் தட்டினா க்ரோம் பேந்திருக்குன்னு அர்த்தம், அந்த இடம் ஒவ்வொரு தடவை உள்ள போகும்போதும் ஆயிலை வெளிய விடாம அடைக்கிற சீலைக் கிழிக்கும். பாடியில லேசா எண்ணெய்ப் பசை இருந்தா பரவாயில்ல, சொட்டச் சொட்ட நனைஞ்சு மண்ணு அப்பியிருந்தா வேணாம். ரொம்பச் சுத்தமா இருந்தாலும் சந்தேகப்படுங்க. வெல்டிங் போட்ட தழும்பு, புதுசா ஒரு சின்ன ஸ்க்ரூ, இதெல்லாம் ஆயில் மாத்தி அடைச்ச அடையாளம். ஸ்ப்ரிங் உடையுறது பெரும்பாலும் கடைசி சுத்துல, ஸ்ட்ரட் மேல அது உக்கார்ற இடத்துல. அந்த முனையை மட்டும் தனியா ஃபோட்டோ கேளுங்க. ஸ்ப்ரிங்ல இருக்கிற பெயின்ட் புள்ளி சும்மா வெச்சது இல்ல, எந்த எடைக்கான ஸ்ப்ரிங்னு சொல்ற குறி அது. டீசல் இன்ஜின் கனம் அதிகம். பெட்ரோல் வண்டி ஸ்ப்ரிங்கை டீசலுக்குப் போட்டா மூக்கு தாழ்ந்துதான் நிக்கும். வீடியோ கேட்டா, அன்னிக்குத் தேதியையும் உங்க பேரையும் ஒரு பேப்பர்ல எழுதி பொருள் மேல வெச்சு எடுக்கச் சொல்லுங்க. திருச்சிக்காரர் அதைச் செஞ்சிருந்தா அந்த மஞ்சள் புள்ளிப் பிரச்சினையே வந்திருக்காது. ஷாக் அப்சார்பரை ஜோடியா மாத்துங்க, ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க. மாட்டின பிறகு அலைன்மென்ட். ஆர்மோட ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி ஜாக்கில தொங்கும்போது முழுசா டைட் பண்ண விடாதீங்க. வண்டியைத் தரையில இறக்கி, எடை உக்காந்த பிறகு டைட் பண்ணணும். இல்லன்னா ரப்பர் எந்நேரமும் முறுக்கின நிலையிலயே இருந்து ஆறு மாசத்துல கிழிஞ்சிரும்.

இவ்வளவையும் பாத்து வாங்குறதுக்கு ஒரு மாசம் பொறுத்துப் புதுசே வாங்கிரலாம்.

பீட் ஓட்டுறவ

ஸ்பேனர் அண்ணா, பொறுத்தா புதுசு கிடைக்கிற வண்டிக்குத்தான் நீங்க சொல்றது சரி. என்னுது செவர்லே பீட். 2017 கடைசியோட அந்தக் கம்பெனி இந்தியாவுல வண்டி விக்கிறதையே நிறுத்திட்டாங்க. என் முதல் சம்பளத்துல வாங்கின கார், நான் விக்க மாட்டேன். இடது லோயர் ஆர்ம் வளைஞ்சு டயர் உள்பக்கமா தேஞ்சுது. கேட்ட இடத்துல எல்லாம் "ஆர்டர் போட்டா வரும்"னாங்க. வரல.

ஆன்லைன்ல புதுப்பேட்டை கடை ஒண்ணு ஃபோட்டோ போட்டிருந்துச்சு. போன் பண்ணா, "வீட்ல சார் இருந்தா பேசச் சொல்லுங்க மேடம்." நேராவே போயிட்டேன். ஃபோட்டோல இருந்த அதே ஆர்மை ஓனர் எடுத்துக் கொடுத்தார். 1,500. பர்ஸைத் திறந்துட்டேன். அப்ப உள்ள தரையில உக்காந்து நட்டு பிரிச்சுட்டு இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். ஒண்ணும் பேசாம என் கையிலிருந்து ஆர்மை வாங்கி நடைபாதையில படுக்கப் போட்டார். குவியல்லேர்ந்து இன்னொண்ணை உருவி அதுமேல ஓட்டைக்கு ஓட்டை வெச்சு, புஷ் ஓட்டை வழியா ஒரு கம்பியைச் செருகினார். ரெண்டாவது ஓட்டையில கம்பி இறங்கல. அரை விரல் வித்தியாசம்.

"இது அடி வாங்குன வண்டிதும்மா. வேணாம். இதை எடுத்துக்க."

ஓனர் எதிர்லயே சொன்னார். ஓனர் முகம் மாறினதைப் பாத்தேன். நான் அந்த இன்னொண்ணை வாங்கிட்டு வந்துட்டேன், மூணு வருஷமா நல்லா ஓடுது. போன வருஷம் லிங்க் ராட் வாங்க அதே கடைக்குப் போனேன். அவர் இல்ல. கேட்டதுக்கு "இப்ப வர்றதில்ல"ன்னாங்க. வயசாயி நின்னாரா, இல்ல என்னால வேலை போச்சான்னு தெரியாமதான் தவிக்கிறேன்.

பழைய மெக்கானிக்

மதுரையில முப்பது வருசமா இதே வேல. முதல்ல திருச்சித் தம்பிக்கு.

ஒரு இன்ச் காத்தா இறங்கினா ஸ்ட்ரட் முடிஞ்சதுன்னு உங்க ஆள் எப்படிச் சொன்னார்? பஸ் டிக்கியில ராத்திரி முழுக்கப் படுத்துக்கிட்டே வந்த பொருள் அது. ரெட்டைக் குழாய் ஸ்ட்ரட் படுத்துக் கிடந்தா உள் குழாய்க்குள்ள காத்து ஏறிக்கும். நிமிர்த்தி வெச்சு, முழுசா இழுத்து முழுசா அழுத்தி, அஞ்சாறு தடவை பம்ப் பண்ணணும். புதுசா இருந்தாலும் மாட்டுறதுக்கு முன்னாடி நாங்க அதைச் செய்வோம். அப்பவும் காத்தா இறங்குச்சுன்னாத்தான் போனது. அதே மாதிரி, அழுத்தின ராட் தானா மேல வரலைன்னும் குத்தம் சொல்லக் கூடாது. கேஸ் ரகம்தான் வரும். வெறும் ஆயில் ரகம் விட்ட இடத்துலயே நிக்கும்.

பெயின்ட் அடிச்சதும் மஞ்சள் புள்ளி இல்லாததும் வேற விசயம். அதே பெயின்ட்டே புள்ளியை மூடியிருக்கலாம். அந்த ஆள் நல்லவர்னு நான் சொல்லல. முடிவு பண்றதுக்கு முன்னாடி சோதனை முழுசா நடக்கலைன்னு சொல்றேன்.

ஸ்பேனர் தம்பி, பால் ஜாயின்ட் ஆட்டத்தோட மாட்டினது உங்க மெக்கானிக் தப்பு. அதைப் பழைய பார்ட்ஸ் தலையில கட்டாதீங்க. புதுசுன்னு சொல்லி பிராண்டு பெட்டியில போட்டு வர்ற டூப்ளிகேட் ஆர்ம், ஒரிஜினல் பழசை விட மோசமா மூணு மாசத்துல ஆடுறதை வாராவாரம் பாக்குறேன்.

என் அனுபவம் ஒண்ணே ஒண்ணு. ஆன்லைன்ல ஸ்ப்ரிங்கோட ஸ்ட்ரட் வாங்கின பையன் ஒருத்தன், வீட்டுலயே பிரிக்கிறேன்னு ஸ்ப்ரிங்கை அழுத்திப் பிடிக்கிற கம்ப்ரெஸ்ஸர் போடாம மேல் நட்டைக் கழட்டியிருக்கான். ஸ்ட்ரட் தலையில இருந்த மவுண்ட் பறந்து போர்ட்டிகோ சீலிங்கைப் பேத்துருச்சு. அவன் அப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சிமென்ட்ல வட்டமா அச்சு விழுந்திருந்துச்சு. அவன் குனிஞ்சிருந்த இடத்துக்கு நேர் மேல. தலையை ஒரு நொடிக்கு முன்னாடிதான் எடுத்தானாம். ஸ்ப்ரிங்கோட வாங்குறவங்க அதைத் தொடாதீங்க, கடைக்குக் கொண்டு போங்க.

யாழ் விட்ஸ்

நான் யாழ்ப்பாணம். இஞ்ச 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு இருக்கிற வாகனத்தைத்தான் எல்லாரும் திருத்தித் திருத்தி ஓடினது. என்ர டொயோட்டா விட்ஸுக்கு முன் ஷொக் அப்சோபர் சோடியா, ஸ்பிரிங்கோட, ஜப்பானில ஓடின வாகனத்தில கழட்டின ரீகண்டிஷன் எண்டு, கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடை ஒண்டின்ர பேஸ்புக் பக்கத்தில பாத்து 38,000 கட்டினனான். கொழும்பு பஸ்ஸில வந்தது. படத்தில நல்ல வடிவா இருந்தது.

ஸ்பிரிங்கில கறுப்பு நிறம் கொஞ்சம் பொங்கின மாதிரிக் கிடந்தது. ஸ்க்ரூட்ரைவரால தட்டினன். பிஸ்கட் மாதிரிக் கறள் தட்டுத் தட்டாக் கழண்டு விழுந்தது. உள்ளுக்க இரும்பு பாதித் தடிப்புத்தான். கராஜ் அண்ணா பாத்த உடனயே சொன்னார், "இது பனி விழுற பக்கத்து வாகனம். அங்க றோட்டுக்கு உப்புப் போடுறவை, அடிப்பக்கம் முழுக்கத் திண்டுவிடும்." ஷொக் ரெண்டும் நல்லது, ஸ்பிரிங் மட்டும் கூடாது. என்ர பழைய ஸ்பிரிங்கையே திருப்பிப் போட்டம்.

கடைக்காரனோட கதைக்க, அவர் சத்தம் போடேல்ல. "கொண்டெய்னரில வாறதைத்தான் நாங்களும் விக்கிறம், தம்பி. கழுவி நிறம் அடிக்கிறது தொழிலாளியள்" எண்டு சொல்லி 6,000 திருப்பி அனுப்பினவர். பெயின்ட்டைக் கண்டு கோவப்படுற ஆக்களுக்குச் சொல்லுறன். நிறத்துக்குக் கீழ என்ன இருக்கெண்டு ஒருக்காத் தட்டிப் பாருங்கோ.

ஸ்பேனர் 14

மெக்கானிக் அண்ணே, பால் ஜாயின்ட் விஷயத்துல நீங்க சொன்னதை ஒத்துக்கிறேன். ஆனா வாங்குறவன் எல்லாரும் உங்க மாதிரி ஆள்கிட்ட கொண்டு போறதில்ல. அதனாலதான் வேணாம்கிறேன். இதுல நான் மாற மாட்டேன்.

திருச்சி டீசல்

மெக்கானிக் அண்ணன் எழுதினதைப் படிச்சுட்டு நேத்து ராத்திரி தூக்கம் வரல. காலையில மாடிப்படிக்கு அடியிலேர்ந்து ரெண்டையும் எடுத்தேன். நூலாம்படை எல்லாம் துடைச்சு, செவுத்தோரமா நிமிர்த்தி வெச்சு, மேல ஒரு கட்டையைக் கொடுத்து என் முழு எடையையும் போட்டு அழுத்தினேன். இழுத்தேன். எட்டு தடவை.

இடது பக்கத்துது மூணாவது தடவையிலேயே மேலருந்து கீழ வரைக்கும் ஒரே சீரா பிடிக்க ஆரம்பிச்சுது. வலது பக்கத்துது எட்டாவது தடவையும் காத்துதான். பாடியில தின்னர் போட்டுத் துடைச்சேன், அடியில சின்ன வெல்டிங் தழும்பு இருக்கு. ஸ்ப்ரிங்கையும் துடைச்சேன். இடதுல கறுப்புக்குக் கீழ மஞ்சள் புள்ளி இருக்கு. வலதுல வேற கலர்.

ஒரு ஜோடியே இல்ல அது. அவர் வீடியோவுல காட்டினது இந்த இடது பக்கத்தைத்தான். வலது எங்கேர்ந்து வந்துச்சு, அது அவருக்குத் தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியல. ஆனா அன்னிக்கு ரெண்டையும் சேர்த்துத் திட்டினேன், அவங்க வீட்டு ஆளுங்களையும் இழுத்துத் திட்டினேன்.

நம்பர் இன்னும் போன்ல இருக்கு. பத்து மணிக்குப் போட்டேன், ரிங் போய் நின்னுடுச்சு. சாயங்காலம் மறுபடி போடுறேன்.