பைப்புக்குள்ள குளோரின் கலக்குதில்ல, சிமுலேஷன்ல மட்டும் வடிவா கலந்திருக்கு

நிலாவெளி_பம்ப்:
வணக்கம். நிலாவெளியில ஒரு தங்குமிடத்துக்குக் கிணத்துத் தண்ணி லைன்ல குளோரின் போடுறம். 110 மிமீ பிவிசி பைப், தண்ணி செக்கனுக்கு அரை மீற்றர் ஓடுது. ஓபன்ஃபோம்ல (தண்ணி ஓட்டத்தைக் கணினியில கணக்குப் பார்க்கிற மென்பொருள்) ரன் பண்ணிப் பார்க்க, 6 தகடு ஸ்டாட்டிக் மிக்ஸர் (பைப்புக்குள்ள அசையாம நிண்டு தண்ணியைக் கலக்கிற முறுக்குத் தகடுகள்) காணும் எண்டு வந்தது, அதை நம்பிப் பூட்டியும் ஆச்சு. ஆனா ஒண்டரை மீற்றர் தள்ளி இருக்கிற டாப்பில தண்ணி பிடிச்சு டிபிடி குளிசை (குளோரின் இருந்தா தண்ணியை றோஸாக்கிறது) போட்டா ஒரு குப்பி கடும் றோஸ், அடுத்தது வெளிறிப் போய்க் கிடக்கு. இன்னும் ரெண்டு தகடு கூட்டவோ, இல்லாட்டி மெஷ் (கணக்குக்காகப் பைப்பைப் பிரிக்கிற சின்னக் கட்டங்கள்) பிழையோ?

உவர்மலை_மெக்:
தகடு கூட்டாதைங்கோ தம்பி, பிரஷர்தான் வீணாப் போகும். உங்கட வேகத்துக்கு ரெனால்ட்ஸ் நம்பர் (ஓட்டம் சீராப் போகுமோ சுழிக்குமோ எண்டு காட்டுற எண்) 50,000 கிட்ட வரும், அது நல்ல சுழிப்பான ஓட்டம், அதோட ஒவ்வொரு தகடும் 180 பாகை முறுக்கி, ஒண்டு இடம் மற்றது வலமா தண்ணியைப் பிரிச்சுப் பிரிச்சு விடுது, அதால குறுக்கால கலக்கிறதுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அந்த மிக்ஸர் முன்னால போற தண்ணியையும் பின்னால வாறதையும் பெரிசாக் கலக்காது. குளோரின் விடுற டோசிங் பம்ப் டயப்ரமோ (சவ்வு அசைஞ்சு விட்டு விட்டு அடிக்கிறது)? நிமிசத்துக்கு எத்தனை தரம் அடிக்குது?

நிலாவெளி_பம்ப்:
ஓம் அண்ணை, டயப்ரம்தான். 20 அடி.

உவர்மலை_மெக்:
அப்ப 3 செக்கனுக்கு ஒருக்கா அடிக்குது, அதுக்குள்ள தண்ணி ஒண்டரை மீற்றர் போயிடும். பைப்புக்குள்ள ஒரு துண்டு குளோரின், பிறகு வெறும் தண்ணி, திரும்ப குளோரின் எண்டு வண்டில் கட்டின மாதிரிப் போகுது. 10 மில்லி குப்பி ஒரு செக்கன்லயே நிரம்பிடும், எந்தத் துண்டு வந்ததோ அதின்ர நிறம்தான் காட்டும். நீங்க ரன்ல குளோரின் ஒரே சீரா வாறமாதிரிக் குடுத்திருப்பீங்கள், அதான் படம் வடிவா வந்தது. முதல்ல ஒரு வாளி நிறையப் பிடிச்சுக் கலக்கிப் பாருங்கோ, வாளி ஒவ்வொருக்காவும் ஒரே நிறம் காட்டினா டோஸ் சரி, அடிதான் பிரச்சினை. அப்பிடியெண்டா கரைசலை நாலில ஒண்டா ஐதாக்கி 80 அடி வையுங்கோ, குளோரின் அளவு அதேதான், இடைவெளி 40 சமீக்கும் குறைஞ்சிடும், டாப்புக்கு வர முதலே ஒண்டோட ஒண்டு கலந்திடும்.

மூதூர்_கணினி:
திரும்ப ரன் பண்ணேக்க நேரத்தோட மாறுற ரன்னாப் போடுங்கோ, கூரான்ட் நம்பர் (ஒரு நேரப்படியில தண்ணி எத்தனை கட்டம் தாண்டுது எண்ட எண்) 1க்குக் கீழ இருக்கட்டும். குளோரினுக்கு முதலாம் படி அப்விண்ட் (தண்ணி வாற பக்கத்துக் கட்டத்தின்ர அளவை மட்டும் எடுக்கிற கணக்கு முறை) வேண்டாம், அது கணக்கிலேயே நிறத்தைப் பரப்பி, கலக்காததையும் கலந்த மாதிரிக் காட்டும். நான் இதில ஒரு மாசம் ஏமாந்தனான். மெஷ்ஷை இன்னும் பொடியாக்கிப் பாருங்கோ, விடை மாறினா பழசை நம்பாதைங்கோ. மற்றது, குளோரின் குழாயைச் சுவரோரம் விடாம பைப்பின்ர நடுவுக்குக் கொண்டுபோங்கோ.

நிலாவெளி_பம்ப்:
அண்ணை சொன்னது சரி. மூண்டு வாளியும் ஒரே நிறம், குப்பிதான் மாறி மாறி வந்தது. நேற்று 80 அடிக்கு மாத்தினன், பத்துக் குப்பி வரிசையா வைச்சன், பத்தும் ஒரே றோஸ். குளோரின் டாங்கிதான் இப்ப நாலு மடங்கு கெதியா முடியுது, பெரிய டாங்கி ஒண்டு பார்க்கவேணும். நடுவுக்குக் குழாய் இந்தக் கிழமை போடுறன். ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி.