பழைய டர்னர்களும் சிஎன்சி பசங்களும்: ஒரே ஷாப்பில் ஒத்துப்போக என்ன ஏற்பாடு?

பட்டறைக்காரன்:

கோவை கணபதி பக்கம் சின்ன மெஷின் ஷாப். பெரும்பாலும் ஒரே ஜாப்தான் ஓடுகிறது: காஸ்ட் அயர்ன் பேரிங் ஹவுசிங், 6205 பேரிங் உட்கார 52 மி.மீ. போர் (உள்துளை), எச்7 அளவு வரம்பு. கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி லேத் இரண்டு, கையால் ஓட்டும் பழைய சென்டர் லேத் மூன்று. ஐம்பதைத் தாண்டிய டர்னர்கள் நாலு பேர். ஐடிஐ, டிப்ளமோ முடித்து வந்த பசங்க ஆறு பேர்.

ஷிஃப்ட் மாறுகிற நேரம்தான் தலைவலி. பசங்க மெஷினில் போட்டு வைத்த ஆஃப்செட்டை, அதாவது டூலின் இடத்தைத் திருத்தும் எண்ணை, பெரியவர்கள் வந்ததும் மாற்றிவிடுகிறார்கள். "இந்தப் பீஸ் நிக்காது தம்பி" என்று அவர்கள் சொன்னால், "கேஜ் ஓகே காட்டுதுங்களே அண்ணா" என்று பசங்க அடுத்ததை ஏற்றிவிடுகிறார்கள். மறுநாள் இன்ஸ்பெக்‌ஷனில் பீஸ் திரும்பினால் ஆளாளுக்குக் கை காட்டுகிறார்கள். வாட்ஸப் குரூப் ஆரம்பித்தேன், பெரியவர்கள் அதைத் திறப்பதே இல்லை. வெளியிலிருந்து டிரெய்னர் யாரையாவது அழைத்து, தலைமுறை இடைவெளி பற்றி ஒருநாள் வகுப்பு வைக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மைக்ரான்:

வகுப்புக்கு ஒதுக்கிய பணத்தில் மூன்று முனை போர் கேஜ் ஒன்று வாங்குங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. வயசுச் சண்டை மாதிரி தெரிகிறதில் பாதி, அளவெடுக்கிற முறையால் வரும் சண்டை. இரண்டு பக்கமும் சொல்வது சரிதான்.

52 எச்7 என்றால் 52.000 முதல் 52.030 மி.மீ. வரை. ஒரு மைக்ரான் என்பது 0.001 மி.மீ. காஸ்ட் அயர்ன் ஒரு டிகிரிக்கு, மீட்டருக்குச் சுமார் பத்தரை மைக்ரான் விரியும். கூலண்ட் இல்லாமல் ஓடி, அறையைவிட 20 டிகிரி கூடுதல் சூட்டில் வெளியே வரும் பீஸில் அந்தப் போர் 11 மைக்ரான் பெரிதாகக் காட்டும். பையன் சக்கிலிருந்து (பீஸைப் பிடிக்கும் பகுதி) எடுத்த கையோடு போர் டயலை (உள்விட்டம் அளக்கும் கருவி) விடுகிறான்: 52.008, ஓகே. ஆறிய பிறகு அதுவே 51.997, ரிஜெக்ட். பெரியவருக்குப் பீஸைத் தொட்டதுமே தெரிந்துவிடும். ஆனால் காரணத்தை மைக்ரான் கணக்கில் எடுத்துச் சொல்லிப் பழக்கமில்லை, "நிக்காது" என்பதோடு விட்டுவிடுவார். பையனுக்கு அது வெறும் அதட்டலாகத்தான் கேட்கும்.

அடுத்தது சக். சுவர் மெல்லிசான ஹவுசிங்கை மூன்று ஜா (பிடிக்கும் தாடை) சக்கில் இறுக்கிப் பிடித்து போர் அடித்தால், கழற்றியதும் வட்டம் மூன்று இடத்தில் புடைத்துக்கொள்ளும். இரண்டு முனை போர் டயலை எப்படிச் சுழற்றினாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் காட்டும். மூன்று முனை கேஜைத் திருப்பித் திருப்பி வைத்தால் அகப்படும், இல்லையென்றால் துளைக்குள் விட்டுப் பார்க்கும் பிளக் கேஜ் இறுகும்போது தெரியும். "ரொம்ப இறுக்காதே" என்று பெரியவர் சொன்னதன் பொருள் இதுதான்.

ஜாப்புக்கு ஒரு செட்டிங் ஷீட் போடுங்கள், ஏ4 ஒரே பக்கம். ஜா எது (பீஸின் அளவுக்கே போர் அடித்து எடுத்த, கடினப்படுத்தாத சாஃப்ட் ஜாவாக இருந்தால் நல்லது), ரஃப் கட்டுக்கு (முதல் முரட்டு வெட்டு) சக் பிரஷர் எவ்வளவு, ஃபினிஷ் கட்டுக்கு எவ்வளவு குறைக்க வேண்டும், இன்சர்ட் (டூலின் வெட்டு முனை) எது, எத்தனை பீஸுக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். கூடவே சூட்டு அளவு. ஐந்து பீஸைச் சூடாக ஒருமுறை, ஆறிய பிறகு ஒருமுறை அளந்து வித்தியாசத்தைக் குறியுங்கள். 11 மைக்ரான் வந்தால், மெஷின் பக்கத்தில் பார்க்க வேண்டிய குறி வரம்பின் நடு அளவான 52.015 இல்லை, 52.026. இதைப் பெரியவர் ஒருவரும் பையன் ஒருவரும் சேர்ந்து அளந்து, இருவரும் கையெழுத்துப் போடட்டும்.

மெஷினிலேயே ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஆஃப்செட்டைத் தொட்டால் நேரம், பழைய எண், புது எண், காரணம், பெயர் எழுத வேண்டும். ஒரே தடவையில் 0.02 மி.மீ.-க்கு மேல் மாற்றினால் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே மெஷினை ஓட விடும் சைக்கிள் ஸ்டார்ட். மெஷினில் ஃபானக் கம்பெனி கன்ட்ரோல் என்றால் வேர் ஆஃப்செட்டுக்கு (டூல் தேய்மானத்துக்குப் போடும் திருத்தம்) வரம்பு வைக்கும் பாராமீட்டரும் உண்டு. 0.02-க்குப் பதில் 0.2 அடித்தாலும் மெஷின் வாங்காது. சர்வீஸ்காரரிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.

செட்டர் அண்ணன்:

மைக்ரான் தம்பி சொன்னது சரிங்க. ஆனா ஷீட்டைப் பெரியவங்க கையில கொடுத்து "உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க"ன்னா ஒரு வரி வராது. ஆபீஸ் ரூம்ல உக்கார வெச்சுக் கேட்டாலும் வராது. ரிஜெக்ட் ஆன பீஸைக் கையில கொடுத்து, மெஷின் பக்கத்துல நின்னு "இது ஏனுங்கண்ணா இப்படி ஆச்சு?"ன்னு கேக்கோணும். அப்பத்தான் கொட்டும். பையன் எழுதோணும், எழுதினதைத் திருப்பிப் படிச்சுக் காட்டோணும். அந்தத் திருத்தத்துலதான் நல்ல சரக்கு வரும்: வார்ப்பு மேல்தோல் கெட்டி, முதல் கட்டு அந்தத் தோலுக்குக் கீழ இறங்கோணும், சும்மா மேலோட உரசினா இன்சர்ட் மூக்கு போயிரும். இந்த மாதிரி விஷயம்.

பெரியவங்க ஸ்கிரீன் பக்கம் வராததுக்கு வீம்புதான் காரணம்னு நினைக்காதீங்க. பல பேருக்குக் கண்ணுங்க. ஐம்பது வயசுல கிட்டப் பார்வை மங்கிரும், வெர்னியர் கோடும் தெரியாது, ஆஃப்செட் பேஜ்ல புள்ளி எங்க இருக்குதுன்னும் தெரியாது. பசங்க முன்னாடி அதை ஒத்துக்கவும் மாட்டாங்க. படிக்கிற பவர் போட்ட சேஃப்டி கண்ணாடி கிடைக்குது. கண் டெஸ்ட் பண்ணி, எல்லாருக்கும் சேர்த்து வாங்கிக் கொடுங்க. இவங்களுக்கு மட்டும்னு தனியாக் கொடுத்தா போட மாட்டாங்க.

இன்னொன்னு, பழைய லேத்துல பல மாடல்ல கிராஸ் ஸ்லைடு டயல் ஒரு கோடு நகந்தா விட்டத்துல ரெண்டு கோடு குறையும். சிஎன்சி லேத்துல எக்ஸ் (டூல் குறுக்கே நகர்ற அச்சு) பொதுவா விட்டக் கணக்கு. 0.02 எடுக்கோணும்னா கை பழக்கத்துல 0.01 போட்டுருவாங்க. அப்புறம் 'இன்புட்', 'பிளஸ் இன்புட்' ரெண்டு கீ. முதல்து பழைய எண்ணை அழிச்சுட்டுப் புதுசை வெக்கும், ரெண்டாவது பழசோட கூட்டும். இது ரெண்டையும் மெஷின்லயே ஒட்டி வையுங்க. பெரியவங்களுக்கு முழு புரோகிராமிங் சொல்லித்தர வேண்டியதில்லீங்க. பொசிஷன், ஆஃப்செட், அலாரம், இந்த மூணு பேஜ் போதும்.

கணக்குப்பிள்ளை:

ஷீட், நோட்டு எல்லாம் சரி. சம்பளக் கணக்கை யாரும் தொடவில்லையே. ரிஜெக்‌ஷனை ஷிஃப்ட் வாரியாகப் போட்டு இன்சென்டிவில் பிடித்தால், அந்த நோட்டில் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். காரணம் வாரியாகப் போடுங்கள்: சூட்டில் அளந்தது, இன்சர்ட் தேய்ந்தது, வார்ப்பில் மணல், ஆஃப்செட் தவறு. பிடித்தம் முதல் மூன்று மாதத்துக்கு வேண்டவே வேண்டாம்.

செட்டர் அண்ணன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு நம்மை அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் 58 வயதை நெருங்குகிறவருக்கு இருக்கும். அது நியாயமான பயம், பல ஷாப்பில் அப்படித்தான் நடக்கிறது. வாயால் தைரியம் சொன்னால் நம்பமாட்டார். முதல் பீஸ் அப்ரூவல் அவர் பொறுப்பு, அதற்கு மாதம் இவ்வளவு அலவன்ஸ் என்று எழுத்தில் கொடுங்கள். பையனுக்கும் அப்படியே: எந்த ஜாப்பைத் தனியாகச் செட் செய்யத் தெரிந்தால் எவ்வளவு ஏறும் என்று போர்டில் எழுதி மாட்டுங்கள். அது தெரியாததால்தான் ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறான்.

வாட்ஸப் குரூப்பை லீவு சொல்ல வைத்துக்கொள்ளுங்கள். வேலை விவரம் மெஷின் நோட்டில் மட்டும்.

பட்டறைக்காரன்:

நன்றிங்க. வகுப்பு யோசனையை விட்டாச்சு. ஒரு சந்தேகம். நைட் ஷிஃப்டில் பசங்க மட்டும்தான். அப்ரூவலுக்கு யாரும் இல்லையே?

மைக்ரான்:

செட்டிங் மாற்றத்தை நைட்டுக்கு விடாதீர்கள். மாலையில் பெரியவர் இருக்கும்போதே செட் செய்து, முதல் பீஸ் ஆறி, அளந்து, கையெழுத்தான பிறகு நைட்டில் அதே ஜாப் ஓடட்டும். பசங்களுக்கு 0.02 வரை ஆஃப்செட் உரிமை இருக்கட்டும். அதற்கு மேல் தேவைப்பட்டால் மெஷினை நிறுத்திவிட்டு வேறு வேலை. நிறுத்தியதற்குத் திட்டு விழாது என்பதை நீங்களே சொல்ல வேண்டும்.

ஷிஃப்ட் மாறும்போது பத்து நிமிஷம் இரண்டு பேரும் ஒன்றாக இருக்கும்படி நேரத்தைப் போடுங்கள். நைட்டின் முதல் பீஸும் கடைசி பீஸும் நேரம் எழுதிய டேக்கோடு தட்டில் இருக்கட்டும். காலையில் வருபவர் இரண்டையும் ஆறிய நிலையில், போனவர் கண்ணெதிரே அளக்கட்டும். கடைசி பீஸ் ஆற நேரம் வேண்டும், அதனால் ஷிஃப்ட் முடிய அரைமணி முன்னாலேயே அதை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நைட்டில் இன்சர்ட் திருப்பியிருந்தால் அதற்கு அடுத்து வந்த பீஸும் அதே தட்டில்.